மாடி டியூஷனும் டிவிடெண்ட் கணக்கும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. மகன் காலேஜ் போன பிறகு, பாதியில் விட்ட சிஎம்ஏ இன்டரை (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் இடைநிலைத் தேர்வு) முடித்துவிடலாம் என்று ஆசை வந்தது. கம்பெனி கணக்கியல் தாளுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் சேர்ந்தேன். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போக வேண்டும். தாளுக்கு 7,500 ரூபாய். பெயரை எழுதவில்லை, கீழே சில குறைகளையும் சொல்லப் போகிறேன்.

சார் ஒரு மில்லில் அக்கவுண்டன்டாக இருந்து ரிடையர் ஆனவர். பத்து மணி வகுப்பு பத்தே முக்காலுக்குத்தான் தொடங்கும். ஒரே ஒரு ஃபேன், அதுவும் சாரின் தலைக்கு மேலே. ஆனாலும் டிவிடெண்ட் பாடம், அதாவது கம்பெனி லாபத்தில் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றிய பாடம், நடந்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகவே இதை எழுதுகிறேன்.

போர்டில் எழுதிய கணக்கு இதுதான். 8 சதவீத முன்னுரிமைப் பங்கு (குறித்த சதவீத டிவிடெண்டை முதலில் வாங்கிக்கொள்ளும் பங்கு) மூலதனம் 5 லட்சம். பத்து ரூபாய் ஈக்விட்டி பங்கு, அதாவது மிச்சத்தை வாங்கும் சாதாரணப் பங்கு, ஒரு லட்சம், அதாவது 10 லட்சம். இரண்டு வருடமாக டிவிடெண்டே கொடுக்கவில்லை. இந்த வருடம் 1,50,000 அறிவிக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு?

நான் பதினைந்து வருடம் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் குப்பை கொட்டியவள் இல்லையா, முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். 5 லட்சத்துக்கு 8 சதவீதம் 40,000, மீதி 1,10,000 ஈக்விட்டிக்கு, பங்குக்கு ஒரு ரூபாய் பத்து காசு. சார் சிரித்தார். "போன ரெண்டு வருச மொய்யை யாருங்க மேடம் திருப்பறது?" என்றார். பின்னால் இருந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்த மொய்யை வைத்தே ஒரு மணி நேரம் நடத்தினார். கியூமுலேட்டிவ் என்றால் மொய் நோட்டு மாதிரி, விட்டுப்போனது எழுதியே இருக்கும். அதனால் இரண்டு வருடப் பாக்கி 80,000, இந்த வருடத்தது 40,000, ஆக 1,20,000 முதலில் முன்னுரிமைக்காரர்களுக்குப் போகும். ஈக்விட்டிக்கு 30,000தான், பங்குக்கு 30 காசு. நான் போட்டது நான்-கியூமுலேட்டிவ் கணக்கு, அதாவது பழைய பாக்கி சேராத கணக்கு. கேள்வியில் ஒன்றுமே சொல்லாவிட்டால் கியூமுலேட்டிவ் என்றுதான் எடுக்க வேண்டுமாம்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "பாக்கின்னா அது கடன்தானுங்களே சார், பேலன்ஸ் ஷீட்டில் ஏன் கடனாகக் காட்டவில்லை?" என்று கேட்டேன். அதற்கும் மொய் நோட்டுதான். அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால்தானே நாம் மொய்யைத் திருப்பி வைக்கிறோம், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை வந்து யாரும் கேட்பதில்லை. அது மாதிரி டிவிடெண்ட் அறிவிக்கும் வரை அந்த 80,000 கடன் இல்லை, அடிக்குறிப்பில் சொன்னால் போதும். அறிவித்துவிட்டால் கதை வேறு: ஐந்து நாளுக்குள் தனி பேங்க் கணக்கில் பணத்தைப் போட வேண்டும், முப்பது நாளுக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ கொடுக்காமல் இழுத்தால், முன்னுரிமைக்காரர்களுக்கு எல்லாத் தீர்மானத்திலும் ஓட்டுப் போடும் உரிமை வந்துவிடும். 2013 கம்பெனிகள் சட்டத்தில் 47வது பிரிவு. புத்தகத்தில் மூன்று முறை படித்தும் தங்காதது அன்றைக்குத் தங்கிவிட்டது.

அப்புறம் நிஜமான உதாரணம் ஒன்றும் சொன்னார். 2014ல் ஜீ என்டர்டெயின்மென்ட் ஒரு ஈக்விட்டி பங்குக்கு 21 முன்னுரிமைப் பங்கு போனஸாகக் கொடுத்தது. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய், 6 சதவீதம், கியூமுலேட்டிவ். 100 பங்கு வைத்திருந்தவருக்கு 2,100 ரூபாய் முகமதிப்பு, வருடத்துக்கு 126 ரூபாய். 2018லிருந்து வருடா வருடம் ஐந்தில் ஒரு பங்காக அசலைத் திருப்பினார்கள். முதல் தவணை திரும்பியதும் மீதி 1,680, அதற்கு 100 ரூபாய் 80 காசு. வரவு ஏன் வருடா வருடம் இளைக்கிறது என்று குழம்பியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். நானாக இருந்தால் பேங்க்குக்குச் சண்டைக்கே போயிருப்பேன்.

குறைகளுக்கு வருகிறேன். பார்ட்டிசிபேட்டிங் பங்கை (தன் சதவீதம் போக, மிச்ச லாபத்திலும் பங்கு கேட்கும் முன்னுரிமைப் பங்கு), மணி ஒன்று ஆகிவிட்டது என்று, பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டார். வீட்டில் நானே போட்டுப் பார்த்தேன். அதே கணக்கில் 3 லட்சம் அறிவித்தால் முன்னுரிமைக்கு 1,20,000, ஈக்விட்டிக்கும் அதே 8 சதவீதம் 80,000. மிச்சம் ஒரு லட்சத்தை மூலதன விகிதப்படி ஒன்றுக்கு இரண்டாகப் பிரித்தால் 33,333, 66,667. இதை ஒரு கணக்காவது போர்டில் போட்டிருக்க வேண்டும்.

பெரிய குறை, 600 ரூபாய்க்கு விற்கும் மெட்டீரியல். அதில் இன்னமும் கம்பெனியே டிவிடெண்ட் விநியோக வரி கட்டுவதாகக் கணக்குகள் இருக்கின்றன. அந்த வரியை 2020 ஏப்ரலோடு எடுத்துவிட்டார்கள், இப்போது வாங்குகிறவர்தான் வருமானத்தில் காட்ட வேண்டும். சாரிடம் சொன்னேன். "பழைய பிரிண்ட் தீரட்டும்மா" என்றார். தீரும் வரைக்கும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆஃபீஸில் ஃபீஸ் ரசீது கேட்டு வாங்கவும் மூன்று வாரம் ஆனது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மெட்டீரியல் வாங்காதீர்கள், இன்ஸ்டிடியூட் புத்தகமே போதும். ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில் கொஞ்சம் காற்று வரும், ஆனால் பத்தரைக்குள் போய்விட வேண்டும். டிவிடெண்ட் பாடம் நடக்கிற வாரத்தை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் இருந்தால் மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு வகுப்புக்குப் போங்கள்.