அம்மாவின் நாரிக்கு: துவாய்ச் சுருளா, குஷனா?

வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய்வருவதற்குள் அம்மாவுக்கு நாரி பிடித்துவிடும். கார் சீட்டில் இடுப்பு வளைவுக்குத் தாங்கல் போதாது.

கடையில் வாங்கிய மெமரி ஃபோம் குஷன் முதலில் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் வெயிலில் நின்ற காரில் அந்த ஃபோம் இளகி அமுங்கிவிடுகிறது. தடிப்பும் அதிகம், அம்மாவை முன்னுக்குத் தள்ள, தொடைக்குத் தாங்கல் குறைகிறது.

துவாய்ச் சுருளை காற்சட்டைக்குப் பெல்ட் கட்டும் மட்டத்தில் வைத்து, நோவைப் பார்த்து ஒரு சுற்றுக் கூட்டலாம், குறைக்கலாம். காலி வீதி நெரிசலில் பிரேக் போடப்போட வழுகி இறங்கும், அதுதான் கரைச்சல். ஹெட்ரெஸ்டில் நாடாவால் கட்டிவிட்டேன், சரி. எதை வைத்தாலும் சீட்டின் சாய்மானம் இருக்கும் பகுதியோடு 100 பாகையளவு கோணத்தில் வரும்படி சாய்த்தால் முதுகுக்கு லேசு.

குஷன் இப்போது அப்பாவின் கதிரையில்.