பழைய நெக்ஸான் ஈவி: ஷோரூம் விலை இறங்கியபின் என்ன விலைக்குத் தகும்?

2020 ஜனவரியில் டாடாவின் எலக்ட்ரிக் காரான நெக்ஸான் ஈவி 13.99 லட்சம் ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் வந்தது. பேட்டரி 30.2 யூனிட். (பிரோஷரில் கிலோவாட் ஹவர் என்று போடுவதும் வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட்டும் ஒன்றுதான்.) 2022 மே மாதம் 40.5 யூனிட் பேட்டரியோடு நெக்ஸான் ஈவி மேக்ஸ் வந்தபோது தொடக்க விலை 17.74 லட்சம். 2023 செப்டம்பரில் புது முகத்தோடு வந்த வண்டி 14.74 லட்சத்தில் தொடங்கியது. அடுத்த செப்டம்பரில் அதையே பண்டிகைச் சலுகை என்று 12.49 லட்சத்துக்கு இறக்கினார்கள். பண்டிகை முடிந்தும் விலை ஏறவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே 45 யூனிட் பேட்டரி வண்டி வந்தது. தொடக்க விலை 13.99 லட்சம். 2020-ல் 30 யூனிட்டுக்குக் கொடுத்த அதே பணத்துக்கு 2024-ல் ஒன்றரை மடங்கு பேட்டரி கிடைத்தது.

இந்த ஒரு கணக்குதான் பழைய நெக்ஸான் ஈவியின் சந்தை விலையை உடைத்தது. வண்டியில் குறை இருப்பதால் அல்ல. ஆகவே பழைய வண்டி வாங்கப் போகிறவர், ஓடோமீட்டரைப் பார்த்து விலை பேசும் பெட்ரோல் கார் பழக்கத்தை விட வேண்டும். இங்கே விலையைத் தீர்மானிப்பவை இரண்டு: அதற்கு இணையான புது வண்டியின் இன்றைய விலை, பேட்டரி வாரன்டியில் மீதமிருக்கும் காலம். 70,000 கி.மீ. ஓடி ஐந்து ஆண்டு வாரன்டி பாக்கியுள்ள வண்டி, 25,000 கி.மீ. ஓடி இரண்டு ஆண்டு பாக்கியுள்ள வண்டியைவிட மதிப்பு கூடியது.

முதலில், ஏற்கெனவே வைத்திருப்பவர்களின் நிலை. எட்டு ஆண்டு ஓட்டப் போகிறவருக்கு ஷோரூம் விலை இறங்கியதால் அன்றாடம் எந்த இழப்பும் இல்லை. இழப்பு கைக்கு வருவது விற்கும்போது. இல்லையென்றால் வண்டி முழுச் சேதமாகும்போது. இந்த இரண்டாவதைத்தான் பலர் யோசிப்பதில்லை. இன்சூரன்ஸில் ஐடிவி என்று போடும் தொகை (முழுச் சேதமானால் அதிகபட்சமாகக் கிடைப்பது) நீங்கள் கொடுத்த விலையிலிருந்து கணக்கிடப்படுவதல்ல. புதுப்பிக்கும் நாளில் கார் கம்பெனி அறிவித்திருக்கும் விலையிலிருந்து தேய்மானம் கழித்துப் போடுவார்கள்: ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை 20 சதவீதம், மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 17 லட்சத்துக்கு வாங்கிய வண்டி, அதில் 15 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 ஆண்டு. இஎம்ஐ சுமார் 24,100 ரூபாய். இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டியபின் அசல் பாக்கி 11.6 லட்சம். விலை இறங்காமல் இருந்திருந்தால் அந்தப் புதுப்பிப்பில் ஐடிவி 13.6 லட்சம், முழுச் சேதமானால் வங்கிக்குப் போக இரண்டு லட்சம் கையில் நிற்கும். அதே மாடலின் அறிவிப்பு விலை 14.5 லட்சமாக இறங்கியிருந்தால் ஐடிவி 11.6 லட்சம். வண்டியும் போகும், கைக்கு ஒரு ரூபாயும் வராது.

இதற்கு இரண்டு வழி உண்டு. வாங்கும்போதே ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ சேர்த்துக்கொள்வது முதல் வழி. முழுச் சேதமானால் பில் தொகை வரை கிடைக்கும். பெரும்பாலான இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதை மூன்று ஆண்டுக்குள்ளான வண்டிக்கே தருகின்றன என்பதால், இடையில் ஒரு வருடம் விட்டுவிட்டுப் பிறகு கேட்டால் கிடைப்பது சந்தேகம். இரண்டாவது வழி மேக்ஸ், பிரைம் (30.2 யூனிட் வண்டிக்குப் பின்னால் வைத்த பெயர்) வைத்திருப்பவர்களுக்கு. உற்பத்தி நின்ற மாடலுக்கும் ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கும் ஐடிவியை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் முதல் கொட்டேஷனிலேயே பணம் கட்டிவிடாமல் ஐடிவியை உயர்த்திக் கேளுங்கள். பிரீமியம் கொஞ்சம்தான் கூடும்.

மூன்றாம் நபர் பிரீமியத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எலக்ட்ரிக் காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி என்று சொல்வது உண்மைதான், ஆனால் கட்டணம் மோட்டார் திறனைப் பொறுத்தது. 2022-ல் அறிவித்த கட்டணப்படி 65 கிலோவாட்டுக்கு மேல் 6,712 ரூபாய். 2020 நெக்ஸான் ஈவியின் மோட்டாரே 95 கிலோவாட். 1,199 சிசி பெட்ரோல் நெக்ஸானுக்கு அதே பட்டியலில் 3,416 ரூபாய்தான்.

விலை ஏன் இறங்கியது என்பதை நீட்டி எழுதத் தேவையில்லை. பேட்டரிக்கான லித்தியம் கார்பனேட் 2022 கடைசியில் உச்சத்தைத் தொட்டு, பின் மளமளவென்று சரிந்தது. ப்ளூம்பெர்க்என்இஎஃப் என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் பேட்டரி பேக்கின் சராசரி விலை 2023-ல் யூனிட்டுக்கு 139 டாலர், 2024-ல் 115. அதோடு எம்ஜி விண்ட்சர் எலக்ட்ரிக் கார் 2024 செப்டம்பரில் 9.99 லட்சம் என்று பலகை மாட்டியது. பேட்டரி சேராத விலை அது, பேட்டரிக்குக் கி.மீ.க்கு 3.50 ரூபாய் தனி. மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் 5,250 ரூபாய் வாடகை. பேட்டரியோடு வாங்கினால் அன்று 13.50 லட்சம். பழைய நெக்ஸானை அந்த 9.99-உடன் ஒப்பிட்டு விலை கேட்பவரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இன்னொரு பக்கமும் நெருக்கடி. சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதத்துக்கு இறங்கியது. எலக்ட்ரிக் காருக்கு முன்பே 5 சதவீதம்தான் என்பதால் அதில் குறைக்க ஒன்றும் இல்லை. பெட்ரோல் காருக்கும் மின்காருக்கும் இடையிலான விலை இடைவெளி மீண்டும் விரிந்ததால், பழைய மின்காரின் விலை சட்டென்று ஏற வழியில்லை.

இனி வண்டி. 2020 மாடலில் 245 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை), சத்தமில்லாத ஓட்டம், மேடுபள்ளத்தில் உறுதியாக நிற்கும் சஸ்பென்ஷன். நகரத்தில் இதே விலைக்குக் கிடைக்கும் பழைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எதுவும் இதன் அருகில் நிற்காது. குறை, தூரம்தான். 30.2 யூனிட் வண்டிக்கு ‘ஆராய்’ (ARAI, வண்டிகளைச் சோதிக்கும் அமைப்பு) தந்த சான்று 312 கி.மீ. நிஜத்தில் ஏசி போட்டு 180 முதல் 220. மேக்ஸுக்குச் சான்று 437, நிஜத்தில் 270 முதல் 300. சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கி.மீ.; சிறிய பேட்டரி வண்டி போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் திரும்ப அங்கேயே சார்ஜ் போட வேண்டும். திருச்சிக்கு இரண்டு நிறுத்தம், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். மேக்ஸ் ஒரே நிறுத்தத்தில் போகும். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறவர் சிறிய பேட்டரி வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம்.

செலவு: சுவரிலிருந்து எடுக்கும் கணக்கில் 100 கி.மீ.க்குச் சுமார் 17 யூனிட். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் 340 யூனிட் கூடும். ஏற்கெனவே 400 யூனிட் ஆகும் வீடு 500-ஐத் தாண்டிவிடும். அதற்கு மேல் யூனிட் 8 ரூபாய்க்கும் அதிகம். அப்படிப் பார்த்தாலும் கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய் சுற்றித்தான் வரும். பொது இடத்து வேக சார்ஜரில் மட்டுமே போட்டால் அது மூன்று ரூபாயை நெருங்கும். வீட்டில் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைக்க இடமில்லாதவருக்கு இந்த வண்டியின் லாபம் பாதியாகிவிடுகிறது.

பேட்டரிச் சோதனையில் அவசரம் கூடாது. இவை எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை செல்கள். நீண்ட ஆயுள் கொண்டவை, ஆனால் சார்ஜ் 20 சதவீதத்திலிருந்து 90 வரை போகும்போதும் வோல்டேஜ் அதிகம் மாறாது. அதனால் டிஸ்ப்ளேயில் காட்டும் சதவீதம் ஓர் ஊகம்தான். மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றும்போதே செல்கள் சமமாகின்றன, ஊகமும் திருத்தப்படுகிறது. எப்போதும் வேக சார்ஜரில் 80 வரை போட்டு ஓட்டிய வண்டியில் செல்கள் ஏறுக்குமாறாக இருக்கும். அப்போது 22 சதவீதம் காட்டிக்கொண்டிருப்பது திடீரென்று 8-க்கு விழும். முழுச் சார்ஜ் இரண்டு மூன்று முறை போட்டதும் சரியானால் அது சமநிலைக் கோளாறு. அப்படியும் விழுந்தால் ஏதோ ஒரு செல் தொகுதி பலவீனமாகிவிட்டது. வாரன்டியில் மாற்ற வேண்டிய வேலை.

ஆகவே வண்டியை ஓர் இரவு கேளுங்கள். 10 சதவீதம் வரும்வரை ஓட்டி, 15 ஆம்பியர் பிளக்கில் பொருத்தும் எனர்ஜி மீட்டர் வழியாகக் காலைவரை 100-க்கு ஏற்றுங்கள். ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். இரவு இடையில் நின்றுவிட்டால் கணக்கு செல்லாது, மறுபடி செய்ய வேண்டும். 30.2 யூனிட் பேட்டரி புதிதாக இருந்தால் மீட்டர் 31 யூனிட்டை ஒட்டிக் காட்டும், ஏனென்றால் சார்ஜரில் 12 சதவீதம்போல வெப்பமாகப் போகிறது. 27 யூனிட்தான் ஏறியது என்றால்: 27-ஐ 0.88-ஆல் பெருக்கினால் 23.8, அதை 0.9-ஆல் வகுத்தால் 26.4. 30.2-இல் இது 87 சதவீதம். நான்கைந்து வருட வண்டிக்குப் பழுதில்லை. 25-க்குக் கீழே போனால் சர்வீஸ் சென்டரில் டயக்னாஸ்டிக் ரிப்போர்ட் எடுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மறுநாள் காலை ஏசியை 24-இல் வைத்து, 60-70 வேகத்தில், 100-லிருந்து 50 சதவீதம் வரை ஓட்டுங்கள். 95 கி.மீ. வர வேண்டும். அதைவிட முக்கியம், சதவீதம் சீராக இறங்குகிறதா என்று பார்ப்பது.

பேட்டரியைத் தவிர அடிக்கடி படுத்தும் சாமான், பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி உயிர்பெறாது. மூன்று நான்கு வருடத்தில் மாற்ற வேண்டியது. மாற்றிய பில் உண்டா என்று கேளுங்கள். முன் சக்கரங்கள்தான் இழுக்கின்றன, டார்க்கும் அதிகம், எடையும் அதிகம். 215/60 ஆர்16 முன் டயர்கள் பின்னவற்றைவிடச் சீக்கிரம் தேயும். நான்கும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் டயரை இடம் மாற்றிப் பராமரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். பேட்டரிப் பெட்டியின் உறையில் ஆழமான நசுங்கல் இருந்தால், எவ்வளவு சமாதானம் சொன்னாலும் விலகிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து அடி வாங்கிய பேட்டரியை வாரன்டி ஏற்காது. வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படித்தான். ஐபி67 என்பது தண்ணீர் புகாமல் சிறிது நேரம் தாங்கும் என்ற சான்று. இரண்டு நாள் நிறுத்திவைக்கலாம் என்பதல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு முன்பு சென்னையில் பதிவான வண்டி என்றால் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

வாரன்டி, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்தியதோ அது. முதல் பதிவு நாளிலிருந்து எண்ண வேண்டும். 2020-ல் பதிவான வண்டிக்கு 2028-இல் முடிகிறது. 45 யூனிட் வண்டிக்கு 2025-ல் அறிவித்த ‘வாழ்நாள்’ வாரன்டி, அதாவது 15 ஆண்டு, முதல் உரிமையாளருக்கு மட்டும். கைமாறினால் பழைய 8 ஆண்டுக் கணக்குக்கு வந்துவிடும். விற்பவர் ‘லைஃப்டைம் வாரன்டி சார்’ என்று சொல்லி விலையை ஏற்றினால் இதை நினைவில் வையுங்கள். சர்வீஸ் தவறாமல் செய்த பதிவு இருக்க வேண்டும். பேட்டரிக்கும் கூலன்ட் உண்டு, அதன் அளவைப் பார்த்த பதிவும் இருந்தால் நல்லது.

விலைக்கு எங்கள் அளவுகோல் இது. இணையான புது வண்டியின் இன்றைய எக்ஸ்-ஷோரூம் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பில்லை யாராவது நீட்டினால் வாங்கிப் பார்க்கவே வேண்டாம். பேட்டரி வாரன்டி ஐந்து ஆண்டுக்கு மேல் பாக்கி, சோதனையில் 90 சதவீதத்துக்கு மேல் என்றால் அதில் 65 சதவீதம் வரை கொடுக்கலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டு பாக்கி என்றால் பாதி. மூன்றுக்குக் கீழே மூன்றில் ஒரு பங்கு. 30.2 யூனிட் வண்டிக்கு இணை 45 யூனிட் வண்டி அல்ல, 2024-ல் 12.49 லட்சத்துக்கு இறங்கிய 30 யூனிட் வண்டி என்பதிலும் உறுதியாக நில்லுங்கள். டீலரிடம் வாங்கினால் அவர் லாபத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதை விலைக்குள் வைத்துத்தான் சொல்வார். தனியாரிடம் வாங்கினால் அந்த வரி கிடையாது.

பணம் கைமாறும் நாளில் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30, கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழையவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. வண்டியோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜிங் கேபிளை டிக்கியில் எண்ணிப் பார்த்து, அங்கேயே சொருகிச் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பழைய உரிமையாளர் தன் போனில் இருக்கும் கனெக்டட் கார் செயலியிலிருந்து வண்டியை உங்கள் முன்னாலேயே நீக்கட்டும். இல்லையென்றால் வண்டி எங்கே நிற்கிறது என்பது அவர் போனில் தெரிந்துகொண்டே இருக்கும்.