ஈசிடியா, இன்னொரு மாத்திரையா, டிஎம்எஸ்ஸா, கெட்டமைனா: தீவிர டிப்ரஷனுக்கு எதை எப்போ எடுக்கலாம்

டாக்டர் "ஈசிடி குடுத்துப் பாக்கலாம்"னு சொன்னதும் வீட்ல எல்லாரும் கேக்கற மொத கேள்வி "அது வேணாம்னா வேற என்ன இருக்கு"ங்கறதுதான். ஈசிடின்னா தலைல கொஞ்ச நேரம் கரண்ட் விட்டு மூளைல வலிப்பு வர வைக்கற சிகிச்சை, கரண்ட் வைக்கிறதுன்னு ஊர்ல சொல்ற அந்தப் பேரே பாதிப் பேரை ஓட வச்சிடுது. வேற வழிகள் நெஜமாவே இருக்கு, ஆனா எல்லாருக்கும் எல்லாமே பொருந்தாது. எங்க அக்காவுக்காக நானும் அத்தானும் ஒவ்வொண்ணையும் டாக்டர்கள்ட்ட கேட்டுக் கேட்டு அலசினதைத்தான் எழுதறேன். அக்காவுக்கு வந்தது சைக்கோட்டிக் டிப்ரஷன், அதாவது மனச்சோர்வோட சேர்ந்து இல்லாததை இருக்குன்னு நம்பறதும் வரும். அக்கா, தன்னாலதான் குடும்பம் அழிஞ்சுபோச்சு, போலீஸ் வாசல்ல நிக்குதுன்னு சத்தியமா நம்பினா, சாப்பாட்டைத் தொடல, தண்ணிகூட ஸ்பூன்ல ஊட்டினாத்தான் உள்ள போச்சு.

மொதல்ல மாத்திரையை மாத்திப் பாக்கறது. இதுக்கு நல்ல கணக்கு அமெரிக்கால நடந்த ஸ்டார்-டி ஆய்வுல இருக்கு, 2006-ல முடிவு வந்துச்சு: மொத மருந்துல முழுசா தேறினவங்க சுமார் 37 சதவீதம், அதுல தேறாதவங்களுக்கு ரெண்டாவது மருந்துல 31, மூணாவதுல 14, நாலாவதுல 13. அதாவது ரெண்டு மருந்து கேக்கலன்னா மூணாவது கேக்கறதுக்கான வாய்ப்பு சட்டுனு பாதியா கொறைஞ்சிடுது, ஒவ்வொண்ணுக்கும் நாலுல இருந்து ஆறு வாரம் காத்திருக்கவும் வேணும். சாப்பிட்டுத் தூங்கி ஏதோ நாளை ஓட்டறவங்களால காத்திருக்க முடியும், அவங்களுக்கு இது நியாயமான வழிதான், மனநிலையை நிலையா வைக்கற லித்தியம் மருந்தைச் சேர்க்கறது, தைராய்டு பாக்கறது, இது பைபோலாரா, அதாவது சோர்வும் அதீத உற்சாகமும் மாறி மாறி வர்ற நோயான்னு திரும்ப யோசிக்கறதுன்னு செய்யறதுக்கு நிறைய இருக்கு. இன்னொண்ணு, "மூணு டாக்டர் மாத்திட்டோம், ஒண்ணும் கேக்கல"ம்பாங்க, தோண்டிக் கேட்டா ஒரு மருந்தைக்கூட சரியான டோஸ்ல ஆறு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டாங்க, அதை மருந்து தோத்த கணக்குல சேர்க்கக் கூடாது. ஆனா தண்ணி குடிக்காத ஆளுக்கு ஆறு வாரம்ங்கறது ரொம்ப ரொம்ப நீளம்.

அடுத்தது ஈசிடி. 1938-ல ரோம்ல செர்லெட்டியும் பினியும் மயக்க மருந்து இல்லாம ஆரம்பிச்சது, அந்தக் காலத்துல எலும்பு முறிஞ்ச கதையெல்லாம் உண்மைதான், ஆனா இப்போ நடக்கறது வேற. காலைல வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போறாங்க, அனஸ்தீசியா டாக்டர் தூங்க வைக்கிறாரு, அப்பறம் தசையைத் தளர்த்தற ஊசி, பல்லுக்கு நடுவுல ரப்பர், ஆக்சிஜன். எங்களுக்கு விளக்கின டாக்டர் சொன்ன ஒரு விஷயம்தான் அத்தானுக்கு இருந்த பயத்தைப் பாதி கொறச்சுச்சு: ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு கணுக்கால்ல பிபி பட்டையைக் கட்டி இறுக்கிடுவாங்க, தசை மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது, அதனால வலிப்பு வர்றப்போ உடம்பெல்லாம் அமைதியா கெடக்க அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கும், அதைப் பாத்துத்தான் வலிப்பு சரியா வந்துச்சா, எத்தனை செகண்ட் நீடிச்சுதுன்னு கணக்கு பண்றாங்க, மூளை அலையையும் கூடவே பாக்கறாங்க. பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடுது. வாரத்துக்கு ரெண்டு இல்ல மூணு தடவை, மொத்தம் ஆறுல இருந்து பன்னெண்டு தடவைங்கறதுதான் வழக்கம்.

உயிருக்கு ஆபத்துன்னு பாத்தா 1 லட்சம் தடவை குடுத்தா சுமார் 2 மரணம்னு கணக்கு இருக்கு, இது சின்ன ஆபரேஷனுக்குக் குடுக்கற மயக்கத்தோட ரிஸ்க் அளவுதான், ஆனா இதயக் கோளாறு இருக்கறவங்களுக்கு ஈசிஜி, எக்கோ எல்லாம் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். நெஜமான விலை ஞாபகம். குடுத்த அன்னிக்கு அரை மணி, ஒரு மணி நேரம் குழப்பம், தலைவலி, அது பெரிசில்ல. புதுசா கத்துக்கறது கொஞ்ச வாரம் மந்தமா இருந்துட்டுத் திரும்பிடும். ஆனா சிகிச்சைக்கு முன்னாடி மாசங்கள்ல நடந்த சொந்த விஷயங்கள் சிலது திரும்பாமலே போயிடலாம். 2003-ல பிரிட்டன்ல நோயாளிகளோட சொந்த வாக்குமூலங்களைத் தொகுத்து ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல குறைஞ்சது மூணுல ஒருத்தர் நீடிச்ச ஞாபக இழப்பு இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. டாக்டர்கள் டெஸ்ட் வச்சுப் பாக்கறப்போ இவ்வளவு தெரியறதில்லன்னு சொல்றாங்க, ஆனா இழந்தவங்க சொல்றதைத்தான் நான் நம்புவேன். எங்க அக்கா கொழுந்தனார் கல்யாண ஆல்பத்தைப் பொரட்டிட்டு, தான் கட்டியிருக்கற மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் காட்டி "இது எப்போ எடுத்தோம்"னு கேட்டா. கல்யாணத்துக்குப் போனதே அவளுக்கு ஞாபகம் இல்ல. ஆனா தையல் மெஷின்ல உக்காந்தா பிளவுஸ் அளவெல்லாம் கை தானா வெட்டுது. இதை முன்னாடியே சொல்லாம "ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு கையெழுத்து வாங்கற டாக்டர்ட்ட நான் போக மாட்டேன். தலையோட வலது பக்கம் மட்டும் வச்சு, கரண்டை ரொம்பச் சின்ன சின்னத் துடிப்பா குடுத்தா ஞாபக பாதிப்பு கொறையும், ஆனா பலன் கொஞ்சம் மெதுவா வரும், ரெண்டு பக்கமும் வச்சா வேகமா தேறும், இழப்பும் கூடும். எந்த முறைன்னு கேட்டே ஆகணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, ஈசிடியால தேறிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கறது தப்பு. 2001-ல வந்த ஒரு ஆய்வுல ஈசிடியால தேறினவங்களுக்கு அப்பறம் வெறும் டம்மி மாத்திரை குடுத்தப்போ ஆறு மாசத்துல 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிடுச்சு, நார்ட்ரிப்டிலின்ங்கற டிப்ரஷன் மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்கள்ல 60, அதோட லித்தியமும் சேர்ந்தவங்கள்ல 39. அதனால மாத்திரையா ஈசிடியான்னு கேக்கறதைவிட ஈசிடிக்கு அப்பறம் எந்த மாத்திரைன்னு கேக்கறதுதான் சரி.

டிஎம்எஸ்ல மயக்கம் கெடையாது, வலிப்பு வர வைக்கறதில்ல, ஞாபகம் போறதில்ல. நாற்காலில உக்காந்து தலைல காந்தக் காயில் வச்சு டக் டக்னு தட்டும், முடிஞ்சதும் ஆபீஸ் போயிடலாம். வாரத்துக்கு அஞ்சு நாள், நாலுல இருந்து ஆறு வாரம். வேலைக்குப் போயிட்டே ரெண்டு மருந்து கேக்காம தவிக்கறவங்களுக்கு நான் இதைத்தான் மொதல்ல சொல்லுவேன். ஆனா ஈசிடி அளவுக்கு பலம் கெடையாது, சைக்கோசிஸ், அதாவது அக்கா மாதிரி இல்லாததை நம்பறது, இருந்தா இதுக்கு ஆதாரம் கம்மி, தலைக்குள்ள உலோகம் இருந்தா கூடாது, நம்ம ஊர்ல பெரும்பாலும் பெரிய நகரங்கள்ல தனியார்லதான் கெடைக்குது. அக்காவுக்கு இது ஆகாதுன்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு.

கெட்டமைன் ஒரு மயக்க மருந்து, அதைக் கொறைஞ்ச அளவுல டிப்ரஷனுக்கும் குடுக்கறாங்க. அதைப் பத்தி ரெண்டு ஆய்வு எதிரும் புதிருமா இருக்கு, அதைப் புரிஞ்சுக்கிட்டா முடிவு லேசாகும். 2022-ல ஸ்வீடன்ல ஈசிடி எடுத்தவங்கள்ல 63 சதவீதம் பேர் முழுசா தேறினாங்க, கெட்டமைன்ல 46. 2023-ல அமெரிக்கால 403 பேரை வச்சு நடந்ததுல பலன் கெடைச்சவங்க கெட்டமைன்ல 55, ஈசிடில 41 சதவீதம். ஏன் இப்படின்னா, ஸ்வீடன்ல எல்லாரும் ஆஸ்பத்திரில அட்மிட் ஆன, நோய் முத்தினவங்க, சைக்கோசிஸ் இருந்தவங்களும் உண்டு, அமெரிக்கால சைக்கோசிஸ் இருந்தவங்களைச் சேர்க்கவே இல்ல, பெரும்பாலும் வீட்ல இருந்து வந்து போனவங்க. சைக்கோசிஸ் இல்லாத, ஞாபகம் போகக் கூடாதுங்கற படிப்பு, தொழில்ல இருக்கறவங்க கெட்டமைனைப் பத்திக் கண்டிப்பா கேக்கலாம், ஆஸ்பத்திரில நரம்பு வழியா சுமார் 40 நிமிஷம் ஏத்துவாங்க, அப்போ பிபி ஏறும், உடம்பை விட்டு விலகின மாதிரி ஒரு நெலமை கொஞ்ச நேரம் இருக்கும். பழகிப்போற மருந்துங்கறதால கண்காணிப்பு இல்லாத எடத்துல வேணாம்.

ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய்னா இந்த வரிசையே வேற. ரெண்டு மருந்து கேக்கலன்னா அடுத்தது க்ளோசபின்ங்கற மருந்து, ரத்தத்துல வெள்ளணு கொறையற ஆபத்து இருக்கறதால மொத 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அதுவும் போதலன்னாதான் கூட ஈசிடி. கெடடோனியா, அதாவது ஆள் அசையாம பேசாம சாப்பிடாம ஒறைஞ்சு போறதுக்கு லோரசிபாம்ங்கற மருந்து மொதல்ல, கேக்கலன்னா ஈசிடியைத் தள்ளிப் போடவே கூடாது.

கோவில், தர்கான்னு போறவங்களுக்கும் சொல்லணும். நேந்துக்கங்க, போய் தங்குங்க, அது தெம்பு குடுக்கும், ஆனா மருந்தை நிறுத்திட்டுப் போகாதீங்க, அங்க கட்டிப் போட சம்மதிக்காதீங்க. ஏர்வாடில 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி தீப்பிடிச்சப்போ சங்கிலில கெடந்த 28 பேர் ஓட முடியாம செத்தாங்க.

எங்க முடிவு ஈசிடி, அதுவும் சீக்கிரம். இல்லாததை நம்பறதும் பட்டினியும் சேர்ந்த டிப்ரஷன்ல இதுக்கு நிகரா வேற எதுவும் இல்லன்னு எல்லா டாக்டரும் ஒரே மாதிரி சொன்னாங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அனஸ்தீசியாவும் தசை மருந்தும் இல்லாம ஈசிடி குடுக்கக் கூடாது, அவசர சிகிச்சைங்கற பேர்லயும் குடுக்கக் கூடாது, 18 வயசுக்குக் கீழ இருந்தா கார்டியன் சம்மதத்தோட மனநல மறுஆய்வு வாரிய அனுமதியும் வேணும். "எங்ககிட்ட அனஸ்தீசியா டாக்டர் இல்ல, அப்படியே குடுத்துடுவோம்"னு யாராவது சொன்னா உடனே எழுந்து வந்துடுங்க.

அதே சட்டத்துல, தெளிவா இருக்கறப்போவே நமக்கு என்ன சிகிச்சை வேணும் வேணாம்னு முன்கூட்டியே எழுதி வைக்க உரிமை இருக்கு. அக்கா தேறினப்பறம் அவளே உக்காந்து எழுதினா: திரும்ப சாப்பாடு நின்னுபோனா ஈசிடி குடுக்கலாம், மொதல்ல வலது பக்கம் மட்டும், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் நடுவுலயும் ஞாபக டெஸ்ட் வைக்கணும், அத்தான் தனியா முடிவு பண்ணக் கூடாது, தம்பியையும் கேக்கணும்.