சிக்லிட்டில் ஆணா பெண்ணா: நிறத்தை நம்புவதா, துளையைப் பார்ப்பதா, கூட்டமாக வளர்ப்பதா?

சிக்லிட் என்பது தொட்டியில் வளர்க்கும் பல மீன்கள் அடங்கிய ஒரு குடும்பம். அதில் ஜோடி கேட்டால் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் வலையில் அள்ளித் தருவது கடைகளில் வழக்கம். கான்விக்ட் சிக்லிட்டில் அது பலித்தாலும் பலிக்கும். ஏஞ்சல் மீனில் அது ஒற்றையா இரட்டையா விளையாட்டுதான்.

நிறம், துடுப்பு பார்ப்பதுதான் சுலபமான வழி. ஆனால் ஆண்தான் பகட்டாக இருக்கும் என்ற எண்ணத்தோடு போகக் கூடாது. கான்விக்ட்டில் வயிற்றோரம் ஆரஞ்சுப் பூச்சு இருப்பது பெண்ணுக்கு. ஆண் உருவில் பெரியது, துடுப்பு நுனி நீண்டு கூராகும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனான கென்யியில் வளர்ந்த ஆண் மஞ்சள், பெண் நீலம். சிக்கல் என்னவென்றால், குஞ்சுகள் எல்லாமே நீலம். நெரிசலான தொட்டியில் அடங்கிக் கிடக்கும் ஆணும் பெண் நிறத்திலேயே காலம் தள்ளும். எலக்ட்ரிக் யெல்லோவில் இரண்டுமே மஞ்சள். துடுப்பில் கறுப்பு அழுத்தமாக இருந்தால் ஆண் என்பார்கள். தொட்டியை ஆளும் பெண்ணுக்கும் அந்தக் கறுப்பு ஏறும்.

குதத் துடுப்பில் (அடிப்பக்கம், மலத்துளைக்குப் பின்னால் உள்ளது) முட்டைபோல் தெரியும் முட்டைப் புள்ளிகளைச் சிலர் சத்தியம் செய்து காட்டுவார்கள். மலாவி மீன்களில் ஆணுக்கு அவை பளிச்சென்று இருப்பது உண்மைதான். ஆனால் பல இனங்களில் பெண்ணுக்கும் மங்கலாக உண்டு. ஃபிளவர்ஹார்ன் நெற்றிமேடும் அப்படித்தான்: மேடு வைத்த "ஆண்", துணையே இல்லாத தொட்டியில் ஒரு நாள் முட்டை போட்டு வைக்கும்.

என் ஓட்டு வென்டிங்குக்கு, அதாவது மீனைத் திருப்பி அடியில் இருக்கும் துளைகளைப் பார்ப்பதற்கு. நம் குளத்து ஜிலேபி மீனும் சிக்லிட்தான். ஆண் வேகமாக வளர்வதால், பண்ணைகளில் அடியைத் திருப்பிப் பார்த்துக் கையால் பிரிக்கும் வழக்கம் உண்டு. ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. தெளிவாகத் தெரிய ஒரு சொட்டுச் சாயம் தடவுவார்கள். மலாவி மீனில் அளவை ஒப்பிட வேண்டும். மலத்துளைக்குப் பின்னால், குதத் துடுப்பை ஒட்டி இருக்கும் துளை மலத்துளையைவிட அகலமாக இருந்தால் பெண். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவென்றால் ஆண். ஒரே இனத்தில் நாலைந்தை அடுத்தடுத்துப் பார்த்தால்தான் கண் பழகும். கை நனைந்திருக்க வேண்டும், வேலை சில நொடியில் முடிய வேண்டும். குஞ்சுகளிடம் இதைச் செய்து பயனில்லை.

ஏஞ்சலில் இந்த வித்தை முட்டையிடும் நாட்களில் மட்டுமே செல்லும். அப்போது துளையிலிருந்து வெளியே நீளும் குழாய் ஆணுக்கு மெலிந்து கூராகவும், பெண்ணுக்குத் தடித்து மொட்டையாகவும் இருக்கும். மற்ற நாட்களில் நெற்றி வளைவைப் பார்த்துச் சொல்வதெல்லாம் ஊகம். அதனால் ஏஞ்சலுக்கும் டிஸ்கஸுக்கும் ஆறு குஞ்சாக வாங்கி, அவையே ஜோடி சேரும்வரை வளர்ப்பதுதான் சரி. கணக்கும் ஒத்துவருகிறது. ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிறக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு வாங்கும்போது இரு பாலும் கிடைக்க 50 சதவீத வாய்ப்பு, நாலில் 87.5, ஆறில் ஏறத்தாழ 97. ஆனால் பெரிய தொட்டி வேண்டும், பல மாதப் பொறுமை வேண்டும். மலாவி மீன்களுக்கு இது ஆபத்து. அவை ஜோடி கட்டுவதில்லை. ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்பதே அவற்றின் கணக்கு. ஆண்கள் கூடிப்போனால் பலவீனமானது அடிபட்டே சாகும்.

ஏஞ்சலிலும் ஒரு பொறி உண்டு. ஆண் கிடைக்காத இரண்டு பெண்கள் ஜோடியாகி, இலையைச் சுத்தம் செய்து, முட்டையிட்டுக் காவலும் காக்கும். அத்தனை முட்டையும் வெளுத்துப்போகும். ஒருமுறை வெளுத்ததை வைத்து முடிவு கட்ட வேண்டாம், இளம் ஜோடிகள் முதல் தடவை சொதப்புவது சகஜம். ஒவ்வொரு தடவையும் இரண்டு மீனின் குழாயும் தடித்தே இருந்தால், ஒன்றை மாற்றிவிடலாம்.