அறுபதுக்கு மேல் படிக்க: திறந்தநிலைப் பல்கலையா, ஸ்வயமா, வாசகர் வட்டமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். இன்று அந்த விகிதம் இன்னும் கூடியிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்திகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பகல் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களில் பலருக்குப் படிக்கும் ஆசை உள்ளுக்குள் இருக்கிறது. "இந்த வயசுல எதுக்கு?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதால் வெளியே சொல்வதில்லை. அவர்களுக்கு இங்கே இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ, 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டுமே எழுபது வயதுக்காரரையும் சேர்த்துக்கொள்ளும். தமிழ்வழியில் படிக்க வேண்டுமென்றால் தமிழ்நாடு திறந்தநிலைதான் வசதி. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு முறை இக்னோவில் சேர்க்கை நடக்கும். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. பெரியவர்களுக்கு உதவும் ஒரு விஷயம், மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை இழுத்து முடிக்கலாம். நடுவில் கண்புரை அறுவைச் சிகிச்சையோ மகளின் பிரசவமோ வந்தால் ஒரு தேர்வை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பட்டப்படிப்புக்குப் பிளஸ் டூ கேட்பார்கள். பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பை முடித்தவர்களுக்குச் சிக்கல் இருக்காது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிளஸ் டூவுக்கு இணையான தேர்வை எழுதலாம். அங்கேயும் இத்தனை வயதுக்குள்தான் என்ற உச்சவரம்பு கிடையாது.

ஆனால் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். இக்னோவின் பெரும்பாலான பாடங்களில் அசைன்மென்ட் எனப்படும் ஒப்படைப்புக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் மதிப்பெண். ஒப்படைப்பைக் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் சாய்மானம் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்து எழுதும்போது விரல் மூட்டு வலி இருப்பவர் முதல் மணி நேரத்திலேயே திணறிப்போவார். பாடம் புரியாமல் விடுகிறவர்களைவிட, எழுத முடியாமல் விடுகிறவர்கள்தான் இந்த வயதில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. வருடக்கணக்காக மனசுக்குள் ஒரு பட்டத்தின் ஏக்கம் இருந்தால், குடும்பச் சூழ்நிலையால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல் போயிருந்தால், இதையெல்லாம் பொருட்படுத்தாமல் சேர்ந்துவிடுங்கள். அந்த ஏக்கத்துக்கு வேறு மருந்து இல்லை. வெறுமனே பொழுது போக வேண்டும் என்றால் இது வேண்டாம்.

அடுத்தது ஸ்வயம். ஒன்றிய அரசின் இந்த இணையவழிக் கல்வித் தளம் 2017இல் வந்தது. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இதில் உண்டு. நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் பாடங்கள். படிக்கக் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம் கட்டி மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். பல பாடங்களின் உரை தமிழாக்கமாகவும் கிடைக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தால் திரையைப் பார்த்துக் கண் வலிக்காது.

நடந்துபோக முடியாதவர்களுக்கும், பேருந்து அதிகம் வராத ஊரில் இருப்பவர்களுக்கும் ஸ்வயம் பெரிய உதவி. புரியாத இடத்தில் நிறுத்தி இரண்டாம் முறை கேட்கலாம், யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. ஆனால் ஓடிபி, கடவுச்சொல், வாரா வாரம் கெடு தேதிக்குள் வினாத்தாள் என்று வரும்போது ஒவ்வொன்றுக்கும் பேரனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அவனுக்குப் பொறுமை இருக்கும் வரைதான் படிப்பு ஓடும். அப்புறம், நாள் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவர் மறுபடியும் தனியாக ஒரு திரை முன்னால் உட்கார்கிறார். அதனால் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், முழு வழியாக நான் சொல்ல மாட்டேன்.

கோயில், மடம் சார்ந்த வகுப்புகளை விட்டுவிடக் கூடாது. திருவாசகத்தின் 658 பாடல்களையும் ஒரே நாளில் பாடி முடிக்கும் முற்றோதலுக்குக் காலையில் வந்தவர்கள் மாலைதான் எழுந்திருப்பார்கள். அதற்காக வாரா வாரம் பண்ணோடு பாடக் கற்றுக்கொள்ளும் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. மனப்பாடம் செய்வதும் சேர்ந்து பாடுவதும் முதுமையில் மனதுக்கும் மூச்சுக்கும் நல்லது. பெண்கள் தயங்காமல் வருவதும் இங்கேதான். ஈடுபாடு உள்ளவர்களுக்கு இதைவிட எளிதான இடம் இல்லை. மற்றவர்களுக்கு இது பொருந்தாது, அவ்வளவுதான்.

நான் முதலிடம் கொடுப்பது நூலகத்தில் வாசகர்கள் கூடிப் பேசும் வாசகர் வட்டத்துக்கு. சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1948இல். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், அதாவது அந்தக் கட்டடம் நம் காசில் நடக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பெரியவை, அழகானவை. ஆனாலும் பெரியவர்களுக்குத் தெருமுனைக் கிளை நூலகம்தான் கைக்கெட்டும்.

வெளிநாட்டில் முதியோர் கல்வி இரண்டு விதமாக வளர்ந்தது. 1973இல் பிரான்சின் துலூஸில் பியர் வெல்லாஸ் தொடங்கிய 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' பேராசிரியர்களை வைத்துப் பாடம் நடத்தியது. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட்டும் நண்பர்களும் அதை வேறு விதமாகத் திருப்பினார்கள்: சம்பள ஆசிரியர் கிடையாது, தேர்வு கிடையாது, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். இன்று பிரிட்டனில் அப்படி ஆயிரம் அளவிலான குழுக்கள் இயங்குகின்றன. நம் வாசகர் வட்டத்துக்குள் அந்த இரண்டாவது முறை ஏற்கெனவே பாதி இருக்கிறது.

ஒரு கிளை நூலகத்தில் நான் பார்த்த கூட்டம் இது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மழைக்காலத்தில் மின்மாற்றி ஏன் வெடிக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு தமிழாசிரியை, ஒரு தையல்காரர், வங்கியில் காசாளராக இருந்த ஒருவர். முடிந்ததும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அடுத்த வாரம் தையல்காரர் துணி வகைகளைப் பற்றிச் சொல்வதாக ஏற்பாடு. "நான் என்னத்தைப் பேசறது?" என்று அவர் தயங்கியபோது, லைன்மேன்தான், "எனக்கு மட்டும் பேசத் தெரியுமா?" என்றார். வாழ்நாள் முழுக்க ஒரு வேலை செய்தவருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அதைக் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்கிறார். பட்டமும் சான்றிதழும் இதைத் தருவதில்லை.

குறைகள் எனக்குத் தெரியும். பல வட்டங்கள் இலக்கியக் கூட்டங்களாக மட்டுமே நடக்கின்றன. ஒருவர் ஒரு மணி நேரம் பேச மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போகிறார்கள். மாலை ஆறு மணிக்கு வைத்தால் பெண்களால் வர முடிவதில்லை. மாடியில் நடக்கும் கூட்டத்துக்கு முழங்கால் வலிக்காரர் ஏற முடியாது, கழிப்பறை இல்லாவிட்டால் சர்க்கரை நோய்க்காரர் அரை மணி நேரம்கூட உட்கார மாட்டார். இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை. நூலகரிடம் நான்கு பேர் சேர்ந்து போய்க் கேட்டால், கூட்டத்தைக் காலை பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. பள்ளிக்கே போகாத அம்மாக்களும் பாட்டிகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவர்களுக்கான வழி புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரையிலான இந்தத் திட்டத்தில் 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம். தன்னார்வலர்கள்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். முடிவில் படித்தல், எழுதுதல், கணக்கு என மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு.

அப்படி ஒரு மையத்தில் ஒரு பாட்டி தன் பெயரை எழுதியதைப் பார்த்தேன். அரிவாள் பிடித்துப் பழகிய கை. பென்சிலை அவர் அழுத்திய அழுத்தத்தில் அடுத்த மூன்று பக்கங்களிலும் எழுத்து பதிந்திருந்தது. 1991இல் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயனி அம்மா 2018இல் தம் 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். வயது தடையில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மற்ற எதையும் யோசிப்பதற்கு முன்னால் அருகிலுள்ள அரசுத் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள். மையம் எங்கே, வகுப்பு எத்தனை மணிக்கு என்று அவர் சொல்வார். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். மூக்குக் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிவதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு "எனக்கு மண்டையில ஏறலை" என்று நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.