எம்340ஐ-யா, விர்ட்டஸ் ஜிடி-யா: மூன்றாம் ஆண்டில் கையில் நிற்பது

2024ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதில், கோவையில் மாதச் சம்பளக்காரனாக இருந்த எனக்கு முன்னால் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று, செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா சிட்டி ஆலையில் பாகங்கள் ஒன்றிணைக்கப்பட்டு வெளிவரும் பிஎம்டபிள்யூ எம்340ஐ. மற்றொன்று, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி பிளஸ், 1.5 லிட்டர் எஞ்சினும் ஆறு கியர் மேனுவலும் கொண்டது. முதல் வண்டிக்குக் கடன் தர வங்கி தயாராகவே இருந்தது. நான் இரண்டாவதை வாங்கினேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன்.

ஓட்டும் இன்பத்தில் போட்டியே இல்லை. எம்340ஐ-யின் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் 374 குதிரைத்திறன் தருகிறது. நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் எட்டுகிறது. விர்ட்டஸின் திறன் 150 குதிரைத்திறன் மட்டுமே. எம்340ஐ-யை நான் ஓட்டியது இரண்டே முறை, அதுவும் பக்கத்து இருக்கையில் விற்பனையாளர் அமர்ந்திருக்க. அந்த இரண்டு முறையும் சிரிப்பை அடக்க முடியவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேகமோ பெட்ரோல் செலவோ அல்ல. மூன்று ஆண்டுகள் கழித்து வண்டியை விற்க நேர்ந்தால் கையில் என்ன நிற்கும் என்ற கேள்விதான். இருபதுகளின் கடைசியில் இருப்பவர் வேலை மாறுவார், வெளிநாடு போவார், திருமணம் செய்துகொள்வார், வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிப்பார். ஏழு ஆண்டுத் தவணை முடியும்வரை அதே ஊரில் அதே வருமானத்தில் இருப்போம் என்று அந்த வயதில் யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கணக்கு எளிதாக இருக்க, எம்340ஐ-யின் ஷோரூம் விலையை 70 லட்சம் என்று கொள்வோம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு உயர்த்திய விகிதப்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள்கால சாலை வரி 20 சதவீதம். அதாவது வரி மட்டுமே 14 லட்சம். காப்பீட்டையும் சேர்த்தால் வண்டி சாலைக்கு வரும்போது ஏறத்தாழ 87 லட்சம் ஆகிறது. 27 லட்சம் முன்பணம் கட்டி, மீதி 60 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 96,500 ரூபாய். மூன்று ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் கடனில் 38.8 லட்சம் பாக்கி நிற்கும். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணையோ, மூன்று ஆண்டைத் தாண்டிய வண்டியின் ஷோரூம் விலையில் 40 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. எஞ்சுவது 42 லட்சம். அந்த விலைக்கே விற்றால் கடனை அடைத்தபின் கையில் மூன்று லட்சம்தான் மிஞ்சும். போட்டதோ முன்பணமும் தவணையுமாக 61 லட்சத்துக்கு மேல். இந்த வண்டிக்குக் கிராக்கி இருப்பதால் சந்தையில் சில லட்சங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் கட்டிய 14 லட்சம் வரியை வாங்குபவர் தனியாக எடுத்துத் தரப் போவதில்லை.

விர்ட்டஸுக்கு ஷோரூம் விலை 18 லட்சம் என்று வைத்தால் வரி 18 சதவீதம், 3.24 லட்சம். பத்து லட்சம் முன்பணம், 12 லட்சம் ஐந்தாண்டுக் கடன், அதே வட்டி என்றால் தவணை 25,000-க்குச் சற்றுக் குறைவு. இதே முறையில் பார்த்தால் மூன்று ஆண்டில் இழப்பது 13, 14 லட்சம்; எம்340ஐ-யில் இழப்பது 58 லட்சம். வித்தியாசம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நண்பர் ஒருவர் எம்340ஐ வைத்திருக்கிறார். பள்ளத்தில் இறங்கிய அவருடைய வண்டியின் பின்பக்க டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம் கண்டது. டயர் கடைக்காரர் எஞ்சிய மூன்று டயர்களின் பள்ளங்களிலும் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்ணு மட்டும் மாத்தாதீங்க சார், நாலு வீலும் இழுக்கிற வண்டி, ஜோடியா மாத்திடுங்க” என்றார். பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலமானவை என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் வழியில்லை.

கடனே இல்லாமல் வாங்கக்கூடியவருக்கு மேற்சொன்ன கணக்கின் பாதி பொருந்தாது. தொழில் நடத்துபவர் நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம். சம்பளக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. கோவைச் சாலைகளில் இத்தகைய வண்டிகளை ஓட்டும் இளைஞர்களைப் பார்த்துத் தங்கள் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுபவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

ஆசை அடங்காதவருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: நான்கு வயதான, சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ள எம்340ஐ-யைத் தமிழ்நாட்டுப் பதிவிலேயே தேடி வாங்குவது. முதல் உரிமையாளர் வரியையும் கட்டி, பெரிய தேய்மானத்தையும் ஏற்றிருப்பார். ஆனால் பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல். உத்தரவாதம் முடிந்திருந்தால், பழுதுக்கென்று சில லட்சங்களைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். என் விர்ட்டஸின் கடைசித் தவணை 2029-இல் முடிகிறது. அப்போது நானும் அந்த வழியைத்தான் பார்ப்பேன்.