நகத்தைப் பார்த்து வாங்கிய ஓணான்

கும்பகோணத்தில் வீட்டு மாடியிலேயே பியர்டட் டிராகன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கும் ஒரு அண்ணனிடம் போன தை மாதம் ஒன்று வாங்கினேன். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து ஓணான் இது. நம் வயல் வரப்பு ஓணானுக்குத் தூரத்துச் சொந்தம்.

நான் கேட்டது ‘ஹைப்போ’ என்ற நிற வகை. கறுப்பு நிறமி குறைவாக இருப்பதால் மஞ்சளும் ஆரஞ்சும் பளிச்சென்று தெரியும். அண்ணன் குஞ்சை உள்ளங்கையில் வைத்து, செல்போன் வெளிச்சத்தில் நகத்தைக் காட்டினார். சாதாரணக் குஞ்சின் நகத்தில் கறுப்புக் கோடு ஓடும். இதற்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. தாயும் தகப்பனும் சாதாரண நிறம்தான். இரண்டுக்குள்ளும் அந்த மரபணு ஒளிந்திருப்பதால் 4-ல் 1 இப்படிப் பிறக்க வாய்ப்பு என்றார்.

அவர்மேல் மரியாதை கூடியது இன்னொரு விஷயத்தால். செதில் மழமழவென்று இருக்கும் ‘லெதர்பேக்’ இரண்டை ஜோடி சேர்த்துத் தரச் சொல்லி ஒருவர் கேட்டார். “மாட்டேன் தம்பி” என்றுவிட்டார். அந்த ஜோடிக்குச் செதிலே இல்லாத குஞ்சும் பிறக்கும். தோல் லேசாகக் கிழியும், உரிக்கும்போது படாத பாடு படும். அழகுக்காக ஓர் உயிரை அப்படிப் பிறக்க வைப்பது தப்பு.

குறை ஒன்று உண்டு. கூடவே தந்த பல்பு சூடு மட்டும்தான் தரும். புற ஊதாக் கதிர் தரும் யுவி-பி விளக்கு இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு வளைந்துவிடும். அதைத் திருச்சியில் தேடி வாங்கினேன். அப்புறம் ஐப்பசி அடைமழைக்குக் கூண்டை ஈரம் ஏறாத அறைக்கு மாற்றினேன். இப்போது முதுகு நல்ல எலுமிச்சை மஞ்சள்.